ரொசெட்டாக் கல்லை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமைகளில் வரலாறு வகுப்பு எடுக்கிறேன். தரம் 10 பிள்ளைகளை முதன்முறை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் இணையவழி கூட்டிப்போனபோது பத்தே நிமிடத்தில் பாதிப்பேர் தொலைந்துபோனார்கள். இரண்டு பேர் வெளியே தெருவில் நின்றார்கள். அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட முறை இது.

முழு மியூசியத்தையும் காட்ட ஆசைப்படாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரு பொருள் போதும். நான் எடுத்தது ரொசெட்டாக் கல்: ஒரே செய்தியை மூன்று எழுத்துகளில் பொறித்த பழைய எகிப்தியக் கல்.

கணினியில் கூகிள் மேப்ஸைத் திறந்து மியூசியத்தைத் தேடுங்கள். மூலையில் இருக்கும் மஞ்சள் பொம்மையை இழுத்துக் கட்டடத்தின் மேல் விட்டால் உள்ளே போய்விடலாம். பிறகு அம்புக்குறிகளை அழுத்தி நடக்க வேண்டியதுதான். கல் இருப்பது 4ஆம் அறை.

நான் கோட்டை விட்டது அடுத்த படியில். மியூசியத்தைத் தேடியவுடனேயே இணைப்பை நகலெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். திறந்த பிள்ளைகளுக்கு வெறும் வரைபடம்தான் வந்தது. ஆளுக்கொரு பக்கமாக வழி தேடினார்கள். நீங்கள் நடக்க நடக்க மேலே உள்ள இணைய முகவரியும் மாறுகிறது. நிற்கும் இடமும் பார்க்கும் திசையும் அதற்குள் எண்களாக இருக்கின்றன. ஆகவே கல்லுக்கு முன்னால் போய், பார்வையை அதன் பக்கம் திருப்பி, முகவரி மாறும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் நகலெடுங்கள். அனுப்புமுன் இன்னொரு ஜன்னலில் ஒட்டித் திறந்து பாருங்கள். கல்லே வந்து நின்றால் சரி.

எழுத்தைப் பார்க்க அந்தப் படம் போதாது. கல்லின் முப்பரிமாண வடிவத்தை மியூசியமே 2017இல் ஸ்கெட்ச்ஃபாப் தளத்தில் போட்டிருக்கிறது. விரலால் திருப்பலாம், கிட்டே இழுக்கலாம். யூடியூப் சுற்றுலாக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை நிற்க நினைக்கும் இடத்தில் கமரா நிற்காது.

கல்லின் மேற்பகுதியில் உடைந்துபோன சித்திர எழுத்து 14 வரி, நடுவில் டெமோட்டிக் என்ற எகிப்தியரின் அன்றாட எழுத்து, அடியில் கிரேக்கம். சித்திர எழுத்துக்குள் நீள்வட்டக் கோட்டில் அடைபட்ட பெயரைத் தேடச் சொல்லுங்கள். அது எகிப்தை ஆண்ட தாலமி மன்னனின் பெயர். 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்ததற்கு இப்படி வளையத்துக்குள் இருந்த பெயர்களே பெரிய துப்பு. என் வகுப்பில் அதை முதலில் கண்டுபிடித்தவள் கடைசி வாங்கில் இருந்தவள்.

கையோடு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய முத்திரையின் படத்தையும் காட்டுங்கள். அதிலும் மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்து. “எங்கட ஆனைக்கோட்டையா சேர்?” என்று கேட்டார்கள். அன்றைக்கு வகுப்பு அரை மணித்தியாலம் பிந்தித்தான் முடிந்தது.

பிற்சேர்க்கை: பள்ளியில் டேட்டா இழுக்கவில்லை என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். முதல் நாள் இரவே வீட்டில் நான்கு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிடுங்கள்: முழுக்கல் ஒன்று, மூன்று எழுத்துக்கும் கிட்டப் படம் ஒவ்வொன்று. எல்லோருக்கும் தனித்தனி போன் வேண்டாம். ஒரு பெரிய திரையும், அதை ஓட்ட ஒரு பிள்ளையும் போதும்.

அடுத்த முறை அதே மியூசியத்தில் இருக்கும், இலங்கையின் கிழக்குக் கரையில் கிடைத்த, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை. உயரம் 143 சென்ரிமீற்றர். வகுப்புச் சுவரில் சோக்கால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். என்ன கோடு என்று இன்னும் சொல்லவில்லை.