சீன சரித்திரக் கதைல கைதி எஸ்கார்ட் சீன் எழுதுறது எப்படி

முதல்ல காலத்தை ஃபிக்ஸ் பண்ணுங்க, சொங் வம்சம்னா (960–1279) ரொம்ப வசதி, ஏன்னா முகத்துல பச்சை குத்தி தூர ஊருக்கு அனுப்புற தண்டனையே அப்ப இருந்துச்சு, கழுத்துல மரப்பலகை வேற, தப்பிச்சாலும் ஒளிய முடியாது. வில்லனை வெளிய தேடாதீங்க. கூட நடக்குற ரெண்டு காவலாளிங்கதான் ஆபத்தே: கிளம்புற முன்னாடி சாராயக்கடைல ஒருத்தன் கைல வெள்ளிக்கட்டி, "வழியில சீக்கு வந்து செத்துட்டான்னு சொல்லிரு"ன்னு பேச்சு. இது இன்னொருத்தனுக்கு தெரியுமா தெரியாதா, சஸ்பென்ஸ் அங்கதான். சண்டையை குறைங்க (பறக்குற வாள்லாம் எனக்கு போரடிக்கும்). சத்திரத்துல சாப்பாட்டை முதல்ல யார் வாய்ல வைக்கிறான், கழுத்துப் பலகைல ஒட்டின அரசாங்க சீல் தாள் கிழிஞ்சிருக்கா, இதை காட்டினா போதும். கைதியை ஒப்படைச்சதும் அந்த ஊர் அதிகாரிகிட்ட ரசீது மாதிரி ஒரு பதில் கடிதம் வாங்கணும், அதை போலியாக்கிட்டா அடுத்த எபிசோடும் ரெடி.