தீவுக் கரையின் இடப்பெயர்களைப் பதிவுசெய்யும் முறை

அச்சிட்ட வரைபடத்தில் ஒரு தீவின் ஊர்களும் பெரிய முனைகளும் பெயருடன் இருக்கும். படகு ஒதுங்கும் இடுக்கு, கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறை, சிப்பி பொறுக்கும் திட்டு ஆகியவற்றின் பெயர்களோ அங்கே தொழில் செய்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே, பெயருக்கு விளக்கம் தேடும் முன், அதைச் சொல்பவரின் குரலையும் அது சுட்டும் இடத்தையும் ஒன்றாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பழைய நிலவரைபடங்கள், கடல்வழி வரைபடங்கள், நில ஆவணங்கள் ஆகியவற்றில் உள்ள பெயர்களைத் தொகுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தைப் பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் தொகுத்த பட்டியலை உரையாடலின் தொடக்கத்திலேயே காட்ட வேண்டாம். எழுத்தில் பார்த்த பெயரைப் பலர் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதே இந்தப் பணியின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. படகில் செல்பவர் கரையைக் கடலிலிருந்து பார்க்கிறார்; சிப்பியோ கடற்பாசியோ சேகரிப்பவர் அதே கரையை அடியடியாக நடந்து அறிகிறார்; ஆடு மேய்ப்பவர் ஓங்கலின் (கரையோரச் செங்குத்துப் பாறையின்) மேலிருந்து பார்க்கிறார். ஒரே பாறைக்கு இவர்கள் மூன்று பெயர்கள் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "இதன் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்பதைவிட, "காற்று மாறினால் படகை எங்கே ஒதுக்குவீர்கள்?" என்பது போலத் தொழிலோடு ஒட்டிக் கேட்டால் மறந்த பெயர்களும் வெளிவரும். கரையோரமாக ஒரே திசையில் நடந்து வரிசையாகக் கேட்பதும் நல்லது; ஓர் இடத்தின் துல்லியம் பின்னர் ஐயத்துக்குள்ளானாலும் வரிசை அதன் இருப்பிடத்தைக் காட்டும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிகுதியாக வற்றுவதால், நீருக்கடியில் கிடக்கும் பாறைகளை அந்நாட்களில் பாருங்கள். பெயரைத் தனியாக மும்முறையும், ஒரு வாக்கியத்தில் வைத்து ஒருமுறையும் சொல்லச் செய்து, காற்றுத் தடுப்பு மாட்டிய ஒலிவாங்கியில், சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். ஆயத்தொலைவுகளை (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) பாகையில் ஐந்து தசம இடங்கள் வரை எழுதினால் போதும். அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம், கைப்பேசியின் உண்மையான துல்லியமோ அதைவிடக் குறைவு. அணுக முடியாத பாறைக்குக் கரையில் இரண்டு இடங்களில் நின்று திசைகாட்டியால் கோணம் எடுத்து, கோடுகள் வெட்டும் இடத்தைக் குறியுங்கள்.

1830களில் அயர்லாந்தின் நில அளவைப் பணியில் ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓடோனவன் போன்றோர் ஒவ்வொரு பெயரின் வெவ்வேறு எழுத்துவடிவங்களையும் அவை கிடைத்த மூலங்களையும் பெயரேடுகளில் எழுதிவைத்தனர். இன்றும் அதுவே நல்ல முன்மாதிரி. கேட்ட ஒலிப்பு, எழுத்துவடிவங்கள், சொன்னவருக்கான குறியீடு, நாள், இடத்தின் வகை, பயன் ஆகியவற்றுக்கு அட்டவணையில் தனித்தனிப் பத்திகள் வையுங்கள். பெயர்க்காரணத்தை இவற்றோடு கலக்காமல் வேறு பத்தியில், யார் சொன்னது என்ற குறிப்புடன் எழுதுங்கள்.

மீன்பிடி இடங்களையும் வழிபாட்டு இடங்களையும் வெளியிடச் சிலர் விரும்பமாட்டார்கள்; எதை வெளியிடலாம் என்பதை ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரைவு வரைபடம் தயாரானதும் சொன்னவர்களிடமே காட்டித் திருத்தி, ஒரு படியைத் தீவின் பள்ளியிலோ நூலகத்திலோ, ஒலிக்கோப்புகளை வேறொரு காப்பகத்திலும் ஒப்படையுங்கள்.