செம்பா, அலுமினியமா? கம்பி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பு விலை ஏறும்போதெல்லாம் "அதே சைஸில் அலுமினியம் போட்டுக்கலாம், பாதிக்காசு மிச்சம்" என்ற பேச்சு கட்டட வேலை நடக்கும் இடங்களில் எழும். இன்னொரு பக்கம், அலுமினியம் என்றாலே மட்டமான சரக்கு என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சுமே தவறு. ஊர்விட்டு ஊர் மின்சாரம் கொண்டுவரும் கோபுரக் கம்பிகள் அலுமினியம்தான். இழுவிசையைத் தாங்க நடுவில் எஃகு இழை வைத்திருப்பார்கள். அந்த வேலையை அலுமினியம் ஐம்பது வருடமானாலும் ஒழுங்காகச் செய்யும். அது பழுதாவது பெரும்பாலும் முனையில்தான்: திருகுக்கு அடியில், செம்போடு சேரும் இடத்தில். கம்பியின் சைஸைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம், முனையை இரண்டு நிமிடத்தில் முறுக்கிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஒரே சைஸில் மாற்றுவது

செம்பின் கடத்துதிறனை 100 என்று வைத்துக்கொண்டால் அலுமினியத்துக்கு 61. ஆகவே அதே வேலைக்கு அலுமினியக் கம்பியின் குறுக்குப் பரப்பு 1.64 மடங்கு வேண்டும். நடைமுறையில் இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஒரு சைஸ் மேலே போங்கள். செம்பில் 1.5 ஸ்கொயர் எம்எம் என்றால் அலுமினியத்தில் 2.5, அங்கே 2.5 என்றால் இங்கே 4; அங்கே 4 என்றால் இங்கே 6; அங்கே 6 என்றால் இங்கே 10. தர அட்டவணையைப் புரட்டினால் 2.5 செம்புக்கும் 4 அலுமினியத்துக்கும் ஒரே எண்தான் இருக்கும்: கிலோமீட்டருக்கு 7.41 ஓம்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்துக் கிணற்றில் பார்க்கலாம். மீட்டர் பெட்டியிலிருந்து 150 மீட்டர் தள்ளி ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார், ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கிறது. போக வர 300 மீட்டர் கம்பி. 2.5 அலுமினியம் போட்டால் மின்தடை 3.63 ஓம், வழியில் தொலையும் வோல்டேஜ் 36. வீட்டில் 230 இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 194. கிளம்பும் நேரத்தில் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும் என்பதால் அப்போது இன்னும் கீழே போகும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகாது, கடைசியில் காயில் கருகும். 2.5 செம்பே போட்டாலும் 22 வோல்ட் போய்விடும், அதுவும் போதாது. இந்தத் தூரத்துக்கு 6 செம்பு அல்லது 10 அலுமினியம் போட வேண்டும். இரண்டுக்கும் இழப்பு 9 வோல்ட் சொச்சம்தான். உலோக எடையைக் கணக்கிட்டால் செம்பு 16 கிலோ, அலுமினியம் 8 கிலோ. இப்படி நீளமாகப் போகும், நடுவில் இணைப்பே இல்லாத ஓட்டத்துக்கு அலுமினியம் நல்ல தேர்வு.

வீட்டுக்குள் கதை வேறு. பத்துப் புள்ளிக்குப் பத்து முனை, ஒவ்வொரு சுவிட்ச் போர்டிலும் ஒடுக்கமான பெட்டி, வளைத்து மடக்கித் திணிக்க வேண்டிய கம்பி. ஒற்றை இழை அலுமினியம் இரண்டு முறை வளைத்து நிமிர்த்தினாலே மடிப்பில் விரிசல் விடும். உள்வயரிங்குக்குச் செம்பையே போடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

விட்டத்தையும் பரப்பையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பரப்பு 1.64 மடங்கு என்றால் விட்டம் 1.28 மடங்குதான். மோட்டாரின் காயிலைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் வேலையில் இது முக்கியம். 20 கேஜ் செம்புக் கம்பியின் விட்டம் 0.914 மில்லிமீட்டர். அலுமினியத்தில் சுற்றுவதானால் 1.17 வேண்டும், அதாவது ஏறக்குறைய 18 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). அவ்வளவு தடிமனான கம்பி, மோட்டாருக்குள் காயில் உட்காரும் அதே பள்ளத்தில் (ஸ்லாட்) அத்தனை சுற்றும் கொள்ளாது. அதனால்தான் செம்பு காயிலுக்காக வடிவமைத்த மோட்டாரை அலுமினியத்தில் சுற்றக் கூடாது. கொள்ளவில்லையே என்று அதே கேஜில் அலுமினியம் சுற்றிக் கொடுத்தால், அதே கரன்ட்டுக்குக் காயிலில் 64 சதவீதம் கூடுதல் சூடு. ஒரு கோடையைத் தாண்டுவதே கஷ்டம்.

நிறத்தைப் பார்த்து நம்புவது

சிவப்பாக இருப்பதெல்லாம் செம்பு இல்லை. அலுமினிய இழைமேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய கம்பி சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை அதன் பெயரிலேயே விற்றால் குற்றமில்லை. செம்பு என்று விற்பதுதான் மோசம். கேமரா, நெட்வொர்க் கேபிள்களில் இது ரொம்ப அதிகம். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமரா ராத்திரியில் விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வந்தால், முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது சுலபம். ஒரு இழையை எடுத்துப் பிளேடால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: வெளியே வெள்ளையாக இருந்து, சுரண்டினால் சிவப்பாக வந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. அதை அலுமினியம் என்று தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

சுரண்டியும் தீராத சந்தேகத்தைத் தராசு தீர்க்கும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துடையது 2.70. 2.5 ஸ்கொயர் ஒயரில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, தோலை முழுக்க உரித்து, கிராம் காட்டும் சமையல் தராசில் வையுங்கள். செம்பு என்றால் 22 கிராம் அளவில் நிற்கும். ஏழு, எட்டு, ஒன்பது என்று காட்டினால் அது செம்பே இல்லை. செம்புதான், ஆனால் 17, 18 தான் வருகிறது என்றால், அட்டையில் 2.5 என்று அச்சடித்துவிட்டு உள்ளே மெலிந்த கம்பி வைத்திருக்கிறார்கள். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது இந்த வேலைக்குத் தோதுப்படாது: நூறு மீட்டர் சுருளுக்கே முக்கால் ஓம்தான் வரும், மீட்டர் ஒயரின் சொந்தத் தடை அதில் கலந்து குழப்பிவிடும்.

செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்குவது

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பல இடங்களில் அலுமினியம்; உள்ளே போவது செம்பு. இரண்டையும் கட்டிங் பிளேயரால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். அன்றைக்கு விளக்கு எரியும். உள்ளே மூன்று வேலைகள் தொடங்கியிருக்கும்.

முதலாவது, அலுமினியத்தைச் சுரண்டிய அந்தக் கணமே காற்றுப்பட்டு மேலே ஒரு ஆக்சைடு படலம் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றும் அதே படலம்தான் இணைப்பைக் கெடுக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்கு அலுமினியம் 23 மைக்ரான் விரிகிறது, செம்பு 17. தினமும் சூடாகி ஆறும்போது மென்மையான அலுமினியம் திருகின் அழுத்தத்தில் பிதுங்கி ஒதுங்கும். ஆறியபின் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. இணைப்பு தளர்கிறது. மூன்றாவது, ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகங்களும் ஒரு பேட்டரி செல் மாதிரி ஆகி, அலுமினியம் கரைந்து வெள்ளைத் தூளாக உதிரும். கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும்.

அப்படித் தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது, 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு. இரண்டு சால்டரிங் அயர்னை டேப்புக்குள் சுருட்டி வைத்தது போல. கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. இதைத் தடுக்காது, ஏனென்றால் கரன்ட் கூடவே இல்லை. "எம்.சி.பி. போட்டிருக்கிறோமே" என்ற தைரியம் இங்கே செல்லாது. அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை, செம்பு விலை ஏறியதால் லட்சக்கணக்கான வீடுகளில் உள்வயரிங்குக்கு அலுமினியம் போட்டார்கள். சுவிட்ச் முனைகளில் தீப்பிடித்த பிறகுதான் கம்பியின் கலவையையும் சுவிட்சுகளின் முனைகளையும் மாற்றினார்கள்.

சரியான முறை இது. தோலை உரிக்கும்போது கத்தியை நேர்க்குத்தாக வைத்து வட்டமாக வெட்டாமல், பென்சில் சீவுவது போலச் சாய்வாகச் சீவுங்கள்; வெட்டுக்காயம் பட்ட இடத்தில்தான் அலுமினியம் பின்னால் ஒடியும். அலுமினியத்துக்கு என்று தனி ஒயர் பிரஷ் வைத்துப் பளபளக்கும் வரை தேயுங்கள்; செம்பைத் தேய்த்த பிரஷ் வேண்டாம். தேய்த்த கையோடு, காற்றுக்கு விடாமல், அலுமினிய இணைப்புக்கான பசையைத் தடவுங்கள். பிறகு பைமெட்டாலிக் லக் என்ற இரட்டை உலோக முனையைப் போடுங்கள்: குழாய்ப் பகுதி அலுமினியம், தட்டைப் பகுதி செம்பு, இரண்டும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்தது. குழாயின் அடிவரை கம்பி போக வேண்டும். கிரிம்பிங் கருவியில் கம்பி சைஸுக்கான அச்சை (டை) போட்டு, குழாயைக் கம்பிமேல் அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள். சுத்தியால் தட்டிச் சப்பையாக்குவது கிரிம்பிங் ஆகாது. போல்ட்டில் குழிவான ஸ்பிரிங் வாஷர் போட்டால் விரிந்து சுருங்குவதற்கு இடம் கிடைக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாத் திருகுகளையும் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுவது நல்ல பழக்கம் என்று நினைக்கிறார்கள். செம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. அலுமினியத்தில் ஒவ்வொரு இறுக்கலும் கம்பியை மேலும் நசுக்கி மெலிய வைக்கும். தளர்ந்திருந்தால் கழற்றி, நசுங்கிய நுனியை வெட்டிவிட்டு, மேலே சொன்னபடி புதிதாகச் செய்ய வேண்டும். போர்டைத் திறந்ததும் மீன் வாடை போல ஒரு நெடி, திருகைச் சுற்றிப் பழுப்பேறிய பிளாஸ்டிக், கம்பி நுனியில் வெள்ளைத் தூள் இருந்தால் அந்த முனை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெளியில், மழை படும் இடத்தில் இரண்டும் சேர வேண்டியிருந்தால் அலுமினியம் மேலே, செம்பு கீழே இருக்கட்டும். செம்பைக் கழுவிய மழைநீர் அதன் உப்புகளைக் கொண்டுவந்து கீழே இருக்கும் அலுமினியத்தைக் குழி குழியாக அரித்துவிடும். இந்தச் சின்ன விஷயத்துக்குக் காசு செலவே இல்லை, ஆனாலும் மொட்டைமாடியில் பலர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

எர்த்துக்காக அலுமினியத்தை மண்ணில் புதைக்காதீர்கள்; செம்போ, துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. பட்டையோ போடுங்கள். ஈரச் சிமென்ட் பூச்சுக்குள் வெறும் அலுமினியத்தை வைப்பதும் கூடாது, சிமென்டின் காரம் அதைத் தின்றுவிடும்.

அடுப்படியில்

கம்பியை விட்டு இதே இரண்டு உலோகங்களின் பாத்திரங்களுக்கு வந்தால், பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. பல வீடுகளில் அலுமினியப் பாத்திரத்தை "ஈயப்பாத்திரம்" என்பார்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு. அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஓட்டை விழும். அலுமினியம் 660, செம்பு 1085.

அலுமினியத்துக்குப் புளிப்பும் ஆகாது, சோடா போன்ற காரமும் ஆகாது. புளிக்குழம்பை இரவு முழுக்க அதில் வைத்தால் காலையில் பாத்திரம் கறுத்திருக்கும், குழம்பில் உலோகச் சுவை ஏறியிருக்கும். சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்தாலும் அரித்துவிடும். செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கலாம், பளிச்சென்று வரும். ஆனால் மோர், எலுமிச்சைச் சாறு, ஊறுகாய் எதையும் ஈயம் பூசாத செம்பில் ஊற்றிவைக்கக் கூடாது. செம்பில் பச்சையாகப் பிடிக்கும் களிம்பு வயிற்றைப் புரட்டும். குடத்தின் உள்பக்கம் பச்சை தட்டியிருந்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கும் ஊற்ற வேண்டாம், சாக்கடையில் கொட்டிவிட்டு, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, பச்சை முழுக்கப் போன பிறகு தண்ணீர் பிடியுங்கள்.