ஒரு நாள் ஆன் ஆகும், ஒரு நாள் ஆகாது: வீட்டுக் கம்ப்யூட்டரை எங்கிருந்து சோதிப்பது?

அடியோடு நின்றுபோன கம்ப்யூட்டரில் பழுதைப் பிடிப்பது சுலபம். போக்குக் காட்டுவதுதான் கஷ்டம். கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே ஒழுங்காக ஓடித் தொலைக்கும். ஆகவே எதையும் கழற்றுமுன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நேரத்தில் மக்கர் செய்தது, மழையா வெயிலா, ஃபேன் சுற்றியதா, பீப் வந்ததா, திரையில் எழுத்து வந்ததா.

சாயங்காலத்திலோ, ஊரில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்திலோ மட்டும் தகராறு என்றால் சந்தேகம் கரண்ட் மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலையில் மட்டும் என்றால் ஈரத்தின் மேல்.

கரண்டிலிருந்து தொடங்கலாம், செலவில்லை. மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, தகராறு வரும் அதே நேரத்தில் பிளக் பாயின்ட்டை அளந்து பாருங்கள். 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ்; பல எஸ்எம்பிஎஸ் லேபிள்களில் 200–240 என்றுதான் போட்டிருக்கும். 190க்கு இறங்கும் தெருவில் அது முரண்டு பிடிப்பதில் வியப்பில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் நாலைந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யூபிஎஸ் இருந்தால் சில நாள் அதைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். தகராறு நின்றுவிட்டால் பழுது யூபிஎஸ்ஸில். அதில் இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரிக்கு ஆயுள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான்.

இனி சிபியூவைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் முதலில் ராம், அதாவது மதர்போர்டு என்ற தாய்ப் பலகையின் ஸ்லாட்டில் நிற்கும் நினைவகப் பட்டை. கழற்றி, தங்க நிறப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் வைத்துத் தேய்ப்பது நம்மூர்ப் பழக்கம். பலன் உண்டு, ஆனால் தேய்க்கத் தேய்க்கத் தங்கப் பூச்சும் போகும், துகள் ஸ்லாட்டில் விழும். கறை போகாதபோது மட்டும் லேசாகத் தேயுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்த வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். டிடிஆர்5 என்ற புதிய வகை ராமை மாற்றிப் போட்டபின் முதல் தடவை திரை வர ஓரிரு நிமிடம் ஆகலாம், பதறி அணைத்துவிடாதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இந்தப் பற்கள் சீக்கிரம் கறுக்கும். சிபியூவைத் தரையில் வைக்காமல் ஒரு முழமாவது உயர்த்தி வைப்பதும், மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓட விடுவதும் உதவும். பின்பக்கத் துளைகளில் எறும்பும் பல்லியும் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எஸ்எம்பிஎஸ் சாவதற்கு அதுவும் காரணம்.

ஆன் ஆகி நாலைந்து விநாடியில் தானாக அணைகிறதா? பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். பட்டனை அழுத்தியபடியே வைத்திருந்தால் நடப்பதும் அதுதான். மதர்போர்டிலிருந்து பட்டன் வயரைக் கழற்றிவிட்டு பிளக்கைத் திரும்ப மாட்டி, அந்த இரு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். ஒழுங்காக ஓடினால் ரீசெட் பட்டன் வயரை அங்கே மாட்டிவிடலாம், காசே ஆகாது.

தேதி பின்னால் போகிறது, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது என்றால் சிமாஸ் பேட்டரி, அதாவது மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட், 2.8க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

நாலைந்து தரம் அழுத்தினால்தான் ஆன் ஆகிறது, ஒருமுறை சூடாகிவிட்டால் அன்று முழுக்கத் தகராறில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரை மாட்டியபடியே, மீட்டரை டிசி ரேஞ்சுக்கு மாற்றி, கனெக்டரின் பின்பக்கமிருந்து முனையைச் செருகி அளக்கவும். கறுப்பு முனை கறுப்பு வயரில். ஊதா வயர், மெஷின் அணைந்திருக்கும்போதும் 4.75–5.25 வோல்ட். ஓடும்போது மஞ்சள் 11.4–12.6, சாம்பல் 5 வோல்ட்டை ஒட்டி. பச்சையையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதென்று திருப்திப்படுவது போதாது; லோடு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

விண்டோஸ் லோகோ வந்தபின் சிக்கினால் முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், பிறகு டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது, ஷட்டவுன் செய்து போட்டால் வரவில்லை என்றால் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திப் பாருங்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் ஒற்றை ராமும் போட்டும் அடம்பிடித்தால் மிச்சம் மதர்போர்டுதான். கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். மாற்று போர்டு வாங்கத் தஞ்சாவூர், திருச்சி போவதானால் பிராசசர் மாடல் எண்ணையும் ராம் டிடிஆர்3யா, 4யா, 5ஆ என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.