லினக்ஸ் நிறுவும்போது கோப்பு முறைமையைத் தெரிவு செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவ உட்காருபவர்கள், மொழி, விசைப்பலகை, வைஃபை ஆகிய திரைகளைத் தயக்கமின்றிக் கடந்துவிட்டு, வன்தட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் கையைப் பின்னே இழுத்துக்கொள்வதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. மற்றத் திரைகளில் விட்ட பிழையைப் பின்னர் திருத்தலாம். இங்கே விட்ட பிழை கோப்புகளையும் கொண்டே போகும். ஆகவே தொடங்குமுன் உங்கள் கோப்புகளை வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

பத்துப் பரப்புக் காணியை வேலி அடைத்து மூன்று துண்டாக்குவது போன்றது பார்ட்டிஷன் இடுவது. ஒரு துண்டுக்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, அதற்கு உரியவர் யார் என்று கணக்கு வைக்கும் ஒழுங்குதான் கோப்பு முறைமை.

முதற்தடவை நிறுவுபவருக்கு நான் சொல்வது எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை. 2008 டிசெம்பரில் வெளியான லினக்ஸின் மையப் பகுதியான கருனியின் 2.6.28 பதிப்பு முதல் இது நிலையான நிலையில் இருக்கிறது. ஜேர்னல் என்னும் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு, தன் கணக்கில் எந்த மாற்றத்தையும் செய்யுமுன் செய்யப்போவதை அதில் எழுதிக்கொள்வது இதன் இயல்பு. பட்டரி செத்த மடிக்கணினியை நேரே பிளக்கில் செருகி ஓட்டுபவர்கள் நம்மிடையே ஏராளம். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததும் மறக்கக்கூடியதன்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், அடுத்த தடவை இயக்கும்போது எக்ஸ்ட்4 அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்ளும். ஆனால் இயல்பான அமைப்பில் ஜேர்னல் காப்பது கணக்கையே, கோப்பின் உள்ளடக்கத்தை அன்று. சேமிக்காமல் விட்ட கடிதத்தை எந்தக் கோப்பு முறைமையும் மீட்டுத் தராது.

வேறு கோப்பு முறைமைகளும் உண்டு. 2020 இல் வந்த பெடோரா 33 என்னும் லினக்ஸ் வெளியீடு, பிடிஆர்எஃப்எஸ்ஸைத் தன் மேசைக்கணினிப் பதிப்புகளின் இயல்புத் தெரிவாக்கியது. ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி அதன் பலம். எக்ஸ்எஃப்எஸ் என்னும் இன்னொன்று பெரிய சேவையகங்களுக்கு நன்று, ஆனால் அதை விரிக்கலாமே தவிரச் சுருக்க முடியாது. இரண்டையும் அடுத்த தடவைக்கு வையுங்கள்.

இனிச் செய்முறை. பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி நிறுவியைத் தொடங்குங்கள். நிறுவும் வகையைக் கேட்கும் திரையில், தானாகப் பிரிக்கும் வழியை விட்டு, நாமே பிரிக்கும் கடைசித் தெரிவை எடுங்கள். பட்டியலில் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்றோ என்விஎம்இ என்றோ பெயர்கள் தெரியும். பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள்: 256 ஜிபி எஸ்எஸ்டி ஏறத்தாழ அந்த அளவாகவும், 16 ஜிபி பென் டிரைவ் சிறிதாகவும் காட்டும்.

முழு வட்டும் லினக்ஸுக்கே என்றால், புதிய பார்ட்டிஷன் அட்டவணை இட்டு, வெற்றிடத்தில் முதலில் 512 எம்பி அளவில், கணினி இயங்கத் தொடங்கும்போது படிக்கும் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்குங்கள். அது ஃபாட்32 என்னும் கோப்பு முறைமையில் அமையும். அடுத்து 50 ஜிபி, எக்ஸ்ட்4, பொருத்துமிடம் (அந்தத் துண்டு லினக்ஸில் எந்தக் கோப்புறையாகத் தெரியும் என்பது) "/"; லினக்ஸ் அமைப்பு இருக்கும் இடம் இது. மீதி முழுவதும் எக்ஸ்ட்4, பொருத்துமிடம் "/ஹோம்"; உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம் இது. நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனித் துண்டு தேவையில்லை. நிறுவியே ஒரு கோப்பாக அதை அமைத்துக்கொள்ளும். விண்டோஸும் கூடவே இருக்க வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்படியே பயன்படுத்துங்கள், அதை ஃபோர்மட் செய்யாதீர்கள்.

ஹோமைப் பிரித்து வைப்பதன் பயன் மறுநிறுவலில்தான் தெரியும். அப்போது "/" க்கு மட்டும் ஃபோர்மட் பெட்டியில் சரி அடையாளம் இட்டு, ஹோமுக்கு அதை வெறுமையாக விட வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் இரண்டுக்கும் அடையாளம் இட்டுவிட்டு, இரண்டு வருட நல்லூர்த் திருவிழாப் படங்களை இழந்தேன். நிறுவு பொத்தானை அழுத்தியதும் எவை ஃபோர்மட் ஆகும் என்று ஒரு பட்டியல் வரும். அதை வரி வரியாக வாய்விட்டு வாசித்த பிறகே தொடருங்கள்.

நிறுவி முடிந்து முதற்தடவை உள்நுழைந்ததும் ஹோமின் அளவு சற்றுக் குறைவாகத் தெரியலாம். எக்ஸ்ட்4 உருவாகும்போது 5 சதவீதத்தை நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கிவிடுகிறது. 200 ஜிபி ஹோமில் அது 10 ஜிபி. "/" இல் அந்த ஒதுக்கீடு தேவை, ஹோமில் அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.