மலையடிவாரச் சரளைப் பாதைகளில் மிதிவண்டித் தடம் வகுப்பது எப்படி?

மலையடிவாரங்களிலும் பாறைப் பள்ளத்தாக்குகளிலும் சரளைப் பாதை வழியாகச் செல்லத் தடம் வகுப்பவர்கள், மொத்தத் தொலைவுக்கு முன்பாக மொத்த ஏற்றத்தைக் கணக்கிட வேண்டும். 50 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் ஏற்றம் என்பது, சமவெளியில் அதே தொலைவை எளிதாகக் கடப்பவருக்கும் ஒரு முழுநாள் உழைப்பாகிவிடலாம். நிலவரைபடத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தானது. செயற்கைக்கோள் படத்தையும் உடன் வைத்துப் பார்த்தால், பாதை தொடர்ந்து செல்கிறதா, ஓடைப்படுகையில் மறைந்துவிடுகிறதா என்பது ஓரளவு புலப்படும்.

டயர் 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருப்பது நல்லது. டியூப் இல்லாத டயரில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் பிடிப்பு கூடும்.

குறுகிய பள்ளத்தாக்கைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், பல கிலோமீட்டருக்கு அப்பால் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி வரக்கூடும் என்பதால், அப்பகுதிக்கும் சேர்த்து வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். சிறிது ஐயம் இருந்தாலும் மேட்டுப் பாதையையே தேர்ந்தெடுங்கள். உயர்ந்த பாறைச் சுவர்கள் ஜிபிஎஸ் சமிக்ஞையையும் கைப்பேசித் தொடர்பையும் தடுப்பதால், வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டு, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.