பழைய கிட்டாரும் ஆம்பும் கைமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் வாங்கும் கிட்டாருக்கு ரசீதும் வாரன்ட்டியும் துணை. வாசிக்கிறவர் ஒருவர் இன்னொருவரிடம் வாங்கும்போது இருப்பதோ நாலைந்து புகைப்படங்களும் "சூப்பர் கண்டிஷன்" என்ற உத்தரவாதமும்தான். சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஒரே கிட்டாரைப் பல வருஷம் வாசித்தவருக்கு அதன் குறைகள் பழகிப்போயிருக்கும். எந்த ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) கம்பியை இழுத்தால் சத்தம் செத்துப்போகுமோ, அந்த இடத்துக்கு அவர் விரல் போகவே போகாது. பாதிப் பழுதுகள் விற்பவருக்கே தெரியாமல்தான் கைமாறுகின்றன. அதனால் ஆளை எடைபோடுவதைவிடப் பொருளை எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும். படத்தில் தெரிகிற கீறலுக்கு மணிக்கணக்கில் பேரம் பேசிவிட்டு, படத்தில் தெரியாத நெக்குக்கும் (கிட்டாரின் கழுத்து) ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பிறகு பணத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நம்புவது

விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. அதே மாடல் கடைசியாக எவ்வளவுக்கு விற்றுப்போனது என்பதுதான் விலை. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரத்தைக் காட்டி "இதுதான் போகிற ரேட்" என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம், நகர்ந்துவிடலாம்.

விற்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) மாற்றினேன், ட்யூனிங் கீ மாற்றினேன், பிரிட்ஜ் (பாடியின்மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாற்றினேன் என்று எல்லாச் செலவையும் விலையில் ஏற்றுவார்கள். உங்கள் காதுக்குப் பிடித்த பிக்கப்புக்கு அடுத்தவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பழைய, அரிய கிட்டாராக இருந்தால் மாற்றிய பாகம் விலையைக் குறைக்கவே செய்யும். திரும்ப பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால், விற்கும்போது அவற்றையே திரும்ப மாட்டிவிட்டு, புது பிக்கப்பைத் தனியாக விற்கலாம். கையில் வரும் பணம் பெரும்பாலும் அப்படித்தான் கூடுதலாக இருக்கும்.

கிட்டாருக்குக் கிட்டார் மாற்றிக்கொள்வதில்தான் மனக்கசப்பு அதிகம். தன்னுடையதை விளம்பர விலைக்கும், எதிராளியுடையதைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் விலைக்கும் கணக்குப் போடுவது மனித சுபாவம். இரண்டையும் ரொக்கத்துக்கு விற்றால் என்ன வரும் என்று முதலில் ஒத்துக்கொண்டு, வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். "மேலே ஒரு பெடல் தருகிறேன்" (பெடல் என்பது சத்தத்தை மாற்றும் கால்மிதிக் கருவி) என்ற பேச்சு வந்தால் அந்தப் பெடலுக்கும் ஒரு விலை சொல்லச் சொல்லுங்கள்.

நெக்கைப் பார்க்காமல் பாடியைப் பார்ப்பது

கிட்டாரைக் கையில் வாங்கியதும், கீழ்முனையைத் தரையின் பக்கம் சாய்த்து, ஹெட்ஸ்டாக்கிலிருந்து (ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) பிரிட்ஜ் நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். நெக் லேசாக உள்வளைந்திருப்பது சரியானதே. மேலே புடைத்திருந்தாலோ அதிகமாகக் குழிந்திருந்தாலோ ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) திருகிச் சரிசெய்யலாம், ஆனால் ராடில் இன்னும் இடம் இருக்க வேண்டும். ஏற்கெனவே கடைசி வரை முறுக்கிவைத்த ராடை யாராலும் மேலே முறுக்க முடியாது. விற்பவரின் அனுமதியோடு கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அவர் தயங்கினால் அவரையே திருப்பச் சொல்லலாம். நெக் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அதை ட்ரஸ் ராடால் சரிசெய்ய முடியாது.

அடுத்தது ஃப்ரெட். முதல் சில ஃப்ரெட்களில் கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா, தலை தட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் இரண்டு கம்பிகளையும் முழு சுரம் இழுத்துப் பார்க்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கினால் செட்டப் செய்ய வேண்டியிருக்கலாம், ஃப்ரெட்களை இழைத்துச் சமன்படுத்த வேண்டியும் இருக்கலாம். எல்லா ஃப்ரெட்டையும் மாற்றுகிற செலவு, நடுத்தர விலைக் கிட்டாரில் லாபத்தை அப்படியே விழுங்கிவிடும்.

கிப்சன் கம்பெனி வகைக் கிட்டாரில் ஹெட்ஸ்டாக் முறிவு தனி வரலாறு. ஹெட்ஸ்டாக் பெரும்பாலும் பின்னோக்கி 17 டிகிரி சாய்ந்திருக்கும். பெரும்பாலும் மஹாகனி மரம். ட்ரஸ் ராடுக்காக மரத்தைக் குடைந்திருப்பதும் அதே மெலிந்த இடத்தில்தான். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை மல்லாக்கச் சாய்ந்தால் போதும். நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) பின்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, நகத்தால் மெதுவாக வருடுங்கள். பெயின்டில் ஒரு மெல்லிய கோடு, நிறத்தில் ஒரு திட்டு, நகம் தட்டும் ஒரு விளிம்பு, இவற்றில் எது இருந்தாலும் கேள்வி கேளுங்கள். நன்றாக ஒட்டிய ஹெட்ஸ்டாக் ஆயுசுக்கும் தாங்கும். வாசிக்க மட்டும் வாங்குகிறவருக்கு அது நல்ல பேரம் என்பதே என் கருத்து. உடையாத கிட்டாரின் விலைக்கு அதை வாங்குவதுதான் தவறு. விற்பவர் இதை மறைத்தால் அது தவறுகூட இல்லை, மோசடி.

சீரியல் நம்பரைப் பார்த்து வயசை நம்புவது

சீரியல் நம்பர் சரியாக இருக்கிறது என்பது ஒரிஜினல் என்பதற்குச் சான்று ஆகாது. போலி செய்கிறவர்கள் உண்மையான எண்ணையே எடுத்துப் போடுகிறார்கள். 1977 முதல் 2005 வரை வந்த பெரும்பாலான கிப்சன்களில் எட்டு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவதும் வருஷம், இடையிலுள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 81263501 என்றால் 1983ஆம் வருஷத்தின் 126வது நாள். நாள் 366ஐத் தாண்டினால் உடனே சந்தேகப்படலாம். தாண்டாவிட்டால் அதை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது. ட்ரஸ் ராட் மூடியில் மூன்று ஸ்க்ரூ இருந்தாலும் உஷாராக வேண்டும், கிப்சனில் வழக்கமாக இரண்டுதான்.

ஃபெண்டர் கம்பெனிக் கிட்டாரில் கதை வேறு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரானாலும் அதற்கு முந்தைய டெலிகாஸ்டரானாலும், நெக்கும் பாடியும் தனித்தனியாகச் செய்து ஸ்க்ரூ போட்டு இணைப்பவை. நெக்கின் அடியில் எழுதிய தேதி நெக்கின் தேதி மட்டுமே. எண் பொறித்த பின்பக்கத் தகட்டை நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு கிட்டாருக்கு மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியிலுள்ள பாகம்) முதுகிலும் குறியீடு உண்டு: 1377633 என்றால் 137 சிடிஎஸ் கம்பெனி, 76 வருஷம், 33 வாரம். அந்தத் தேதிக்கு முன்னால் அந்தக் கிட்டார் இந்த பாட் உடன் வெளிவந்திருக்க முடியாது, அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

பிக்கப்பைத் திறக்காமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுசாக வைத்து, மறுமுனையின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஸ்விட்சை ஒவ்வொரு நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். பழைய பாணி சிங்கிள் காயில் (ஒரே சுருள் உள்ள பிக்கப்) என்றால் ஆறு கிலோ ஓம் பக்கத்திலும், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் ஏழெட்டிலும் காட்டும். ஒரு நிலையில் மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறினால் காயில் அறுந்திருக்கலாம். பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஆம்பை ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்வது

கிட்டாரைக் கையில் பிடித்தால் பாதி தெரிந்துவிடும். ஆம்ப் அப்படியில்லை, அதன் பழுதுகள் சூடேறிய பிறகுதான் வாயைத் திறக்கும். நீங்கள் வருவதற்கு முன்னால் ஆன் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஆன் செய்வதை நேரில் பார்க்க வேண்டும், பிறகு அரை மணி நேரமாவது வாசிக்க வேண்டும். சொந்தக் கிட்டாரையும் கேபிளையும் கொண்டுபோங்கள். பெடல் வேண்டாம். எல்லாக் குமிழையும் திருகி, எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள். கரகரப்பு என்றால் குமிழின் பாட் உள்ளே தூசி, அது சில்லறை விஷயம். சத்தம் போய்ப்போய் வந்தால் சில்லறை இல்லை. டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் இயங்குவது) என்றால் சின்ன டியூப்களைப் பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணியடித்தாற்போல் 'டிங்' என்று பலமாகக் கேட்டால் அந்த டியூப் போய்க்கொண்டிருக்கிறது. 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன டியூப் ஒன்றை மாற்றுவது பெரிய செலவில்லை. 6எல்6, இஎல்34 போன்ற பவர் டியூப்களை மாற்றும்போது பல ஆம்ப்களில் பயாஸையும் (டியூப் ஓய்வில் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவு) சரிபார்க்க வேண்டியிருக்கும், அந்தக் கூலியையும் விலையில் கழியுங்கள்.

ஸ்பீக்கர் இல்லாமல் டியூப் ஆம்பை ஆன் செய்து "பாருங்கள், லைட் எரிகிறது" என்று காட்டுபவரை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம், ஆம்பிலேயே விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. ஓம் கணக்கும் பொருந்த வேண்டும்: 8 ஓம் கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டி) 8 என்று எழுதிய இடத்தில் செருக வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் பெரும்பாலானவை ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் தாங்கும். ஆனால் அனுமதித்ததைவிடக் குறைந்த ஓம் கொடுத்தால் அவையும் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்பின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட். அவற்றை 230இல் செருகினால் கதை முடிந்தது. இரண்டு முனை பிளக் உள்ள பழைய ஆம்ப்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மின் இணைப்புக்கும் சேஸிஸுக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கலாம். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பி வரை கரன்ட் வரும். எர்த் உள்ள மூன்று முனைக்கு மாற்றிய பிறகே வாசியுங்கள். "ஒரிஜினலாக இருக்கட்டும்" என்ற பிடிவாதம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்து டியூப் ஆம்பின் சேஸிஸுக்குள் கைவிடாதீர்கள். உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கும். திறந்து பார்க்க வேண்டுமென்றால் டெக்னீஷியனைக் கூட்டிப் போங்கள்.

100 வாட் ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டில் வாசிப்பவர் வாங்குவதும் தவறுதான். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. இரண்டுமே வீட்டுக்கு அதிகம்.

பார்சலில் அசைவு விடுவது

கிட்டார் உடைவது பெரும்பாலும் பெட்டிக்குள் அது ஆடுவதால். கேஸுக்குள் ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இருபுறமும் துணி அடைத்து அசையாமல் செய்யுங்கள். ட்ரெமோலோ ஆர்ம், ஸ்ட்ராப், பேட்டரி எதுவும் உள்ளே தளர்வாகக் கிடக்கக் கூடாது. ஆம்ப் என்றால் பவர் டியூப்களைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். எந்த டியூப் எந்த சாக்கெட் என்பதைக் குறித்து வைக்க மறக்க வேண்டாம். இன்ஷூரன்ஸின் நிபந்தனையைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள், சரியாக பேக் செய்யவில்லை என்ற காரணத்துக்காக மறுப்பார்கள்.

எல்லை தாண்டி அனுப்பும்போது மரமும் ஒரு கேள்வி. பிரேசிலிய ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 2017இல் மற்ற ரோஸ்வுட்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, ஆனால் பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. 1960களின் கிட்டாரை வெளிநாட்டுக்காரருக்கு விற்பவர் முதலில் ஃப்ரெட்போர்டு என்ன மரம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் கட்டினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. அதை மட்டுமே கேட்கிற அறிமுகமில்லாதவரிடம் வாங்காதீர்கள். அனுப்புவதற்கு முன், இன்றைய தேதியை எழுதிய காகிதத்தைக் கிட்டார்மேல் வைத்துப் படம் கேளுங்கள். நீங்கள் விற்பவர் என்றால், சொன்ன தொகையைவிடக் கூடுதலாகக் கட்டிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பவரைத் தவிருங்கள். பார்சல் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். குளிரில் பயணித்த கிட்டாராக இருந்தால் கேஸை மட்டும் ஒரு நாள் மூடியே வையுங்கள், சட்டென்று சூடு பட்டால் லாக்கர் பூச்சில் வெடிப்பு விழலாம்.